லாலாகுடாவில் தலைகள் சுருங்கிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பதினெட்டாவது வயதில், இரண்டே மாதத்தில், நான் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய தலையைச் சுருக்கியிருக்கிறேன். எல்லாம் பெண்களும் குழந்தைகளும். ஒருவர்கூட எனக்கு அந்நியர் இல்லை. பாதிப் பேர் வீட்டில் நான் கை நனைத்திருக்கிறேன். மந்திரம், சூனியம் எதுவும் கிடையாது. ஒரு இடுக்கியும் ஒரு ஸ்கேலும்தான்.

நிஜாம் ஆட்சியும் உலகப் போரும் நடந்துகொண்டிருந்த காலம். செகந்திராபாத்தில் லாலாகுடா ரயில்வே காலனியில், மூன்றாவது லைனில் எங்கள் வீடு. அப்பா ஒர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் மேக்கர். அதாவது, வார்ப்படமாகச் செய்ய வேண்டிய எந்தச் சாமானையும் முதலில் மரத்தில் செய்து கொடுப்பவர். அந்த மர உருவத்தை மணலில் அழுத்தி எடுத்துவிட்டு, விழுந்த குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் திருச்சித் தமிழ், குழாயடியில் பாதி தெலுங்கு, பாதி தக்கினி உருது. (அம்மா 'வேணாம்' என்றால் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம். 'நக்கோ' என்றால் எழுந்து போய்விட வேண்டும்.)

நான் இண்டர்மீடியட் பாஸ் செய்திருந்தேன். மேலே விலங்கியல் படிக்க ஆசை. அந்த வகுப்பில் அதுவரை ஒரு பெண்ணும் சேர்ந்ததில்லை என்பதால் கல்லூரியில் ரொம்ப யோசித்தார்கள். கடைசியில், விலங்கியல் பேராசிரியர் 'இந்தப் பெண்ணை நம்பி வேலை கொடுக்கலாம்' என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் இடம் உண்டு என்று முடிவாயிற்று. அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "லெட்டர் வந்தா காலேஜு. வரலைன்னா போத்தனூர் மாப்பிள்ளை" என்றார். (போத்தனூர் மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் கல்லூரி கிடைக்காவிட்டால் கிடைக்கப்போகிறவர் என்று நினைத்தால், மன்மதனே வந்தாலும் பிடிக்குமா?)

பேராசிரியர் ஒல்லியான, உயரமான மனிதர். குஞ்சலம் வைத்த சிவப்பு ரூமி தொப்பி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவர் அறையில் ஒரு அலமாரி நிறைய மண்டை ஓடுகள். கோதாவரிக் கரையில் கிடைத்த, கல்லாகிப் போன யானைப் பல் ஒன்று மேஜைமேல் இருக்கும். காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைப்பார். எப்போதாவது போலீஸ்காரர்கள் ஒரு கோணிப்பையில் எலும்புகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர் இடுப்பெலும்பை அளந்து, தொடையெலும்பை அளந்து, "பெண். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. முப்பது வயதுக்குள்" என்று எழுதிக் கொடுப்பார். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்திக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்த மூன்று வரிதான் பதில். அதனாலோ என்னவோ, அளவு விஷயத்தில் மட்டும் அவரிடம் சிரிப்பே கிடையாது. "எலும்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்கும். தப்பு வந்தால் அது அளக்கிற கையின் தப்பு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவருடைய ஆராய்ச்சிக் கேள்வி இதுதான்: ஊர் மாறினால் உருவம் மாறுமா? லட்சக்கணக்கான வருஷங்களில் மண்டை ஓடு மாறியிருக்கிறது, சரி. ஒரே தலைமுறையில் மாறுமா? தமிழ்நாட்டுப் பக்கம் போய் நூற்றுக்கணக்கான பேரின் தலையை (பெண்களை ஒரு நர்ஸம்மாவை வைத்து) அவர் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். அங்கிருந்து இங்கே வந்து குடியேறிய எங்கள் காலனிக்காரர்களின் தலையையும் அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆண்களை அவரே பிறகு அளந்துகொள்வார். பெண்களிடமும் குழந்தைகளிடமும் போக ஒரு பெண் வேண்டும். அந்தப் பெண் நான். இந்த வேலையை ஒழுங்காக முடித்தால் கடிதம்.

நண்டுக் கொடுக்கு மாதிரி வளைந்த இரண்டு கால் உள்ள ஒரு இரும்பு இடுக்கியையும், ஒரு பித்தளை ஸ்கேலையும் கொடுத்தார். இடுக்கியின் ஒரு முனையைப் புருவ மத்தியிலும் மறு முனையைப் பின்மண்டையிலும் வைத்து, விரிந்தது விரிந்தபடி எடுத்து ஸ்கேல்மேல் வைத்துப் படிக்க வேண்டும். அதேபோல அகலம், மூக்கு, தாடை. தூரத்தில் இருக்கும் பொருளைக்கூட, கையை நீட்டி ஸ்கேலைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் ஒன்றோடொன்று ஒப்பிடலாம் என்று போகிற போக்கில் சொல்லிக் கொடுத்தார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறாமல் டேங்க் பண்ட் ஏரிக்கரை வழியாக நடந்தேன். விஞ்ஞானி ஆகிவிட்டேன் அல்லவா, பஸ்ஸில் எப்படிப் போவது? ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று தெரிந்தது. கட்டைச் சுவரில் சாய்ந்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, குன்றை அளந்தேன். சரியாக அந்த நேரத்தில் என் பின்னால் வந்து நின்ற ஒரு டாங்கா வண்டிக் குதிரை தும்மியது. நான் குதித்தேன். ஸ்கேலும் குதித்தது. நான் கரைப் பக்கம், அது ஹுசேன் சாகர் ஏரிப் பக்கம். பேராசிரியரின் பித்தளை ஸ்கேல் என்னிடம் மொத்தம் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

டாங்காக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கயா பேட்டீ, நக்கோ ரோ" என்றார். போய்விட்டது, அழாதே என்று. நான் வீடு வரைக்கும் அழுதேன்.

இப்போது யோசித்தால், மறுநாள் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் பதினெட்டு வயதில் எனக்கு மூளை இருந்த இடத்தில் கௌரவம் இருந்தது. முதல் நாளே ஸ்கேலைத் தொலைத்தவளுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்? வீட்டில் அப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. உள்ளே பச்சைத் துணி விரித்து, அவருடைய சொந்தக் கருவிகள் இருக்கும். பிள்ளைகள் யாரும் அதைத் தொடக் கூடாது. (தம்பி ஒரு தடவை அதிலிருந்து உளியை எடுத்துப் பென்சில் சீவினான். அப்பா மூன்று நாள் அவனோடு பேசவில்லை.) காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி அப்பா போனதும் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஸ்கேல்கள் இருந்தன. இருப்பதிலேயே பளபளப்பான எஃகு ஸ்கேலை எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் ஏதோ எண்ணும் எழுத்தும் பொறித்திருந்தது. கம்பெனி முத்திரையாக்கும் என்று நினைத்தேன். சாயங்காலச் சங்குக்கு முன் திரும்ப வைத்துவிடுவேன். இரண்டு மாதமும் தினமும் இதுதான் நடந்தது.

தலை அளக்கும் வேலை சுலபமில்லை. போர்த் தொப்பி தைக்க அளவு எடுக்கிறாள் என்று ஒரு வதந்தி. முடி வெட்டி விற்கப் போகிறாள் என்று இன்னொன்று. குழந்தைகளைப் பெப்பர்மெண்ட் கொடுத்துப் பிடித்தேன். பெண்கள் மசியவே இல்லை. கடைசியில் இரண்டாவது லைன் பாக்கியத்தக்காவைப் பிடித்தேன். அவர் சரி என்றால் காலனியே சரி என்ற மாதிரி. நல்ல ஆகிருதி, அதற்கேற்ற தலை, அதற்கும் மேலே ஒரு கொண்டை.

"அளந்துக்கோ. ஆனா என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்க எல்லாருக்கும் முன்னாடி வந்து சொல்லணும். காதும் காதும் வச்சமாதிரி கொண்டுபோற வேலை வேணாம்" என்றார்.

"சொல்றோம்க்கா."

"கொண்டையையும் சேர்த்து அளக்குறியா?"

"இல்லக்கா, மண்டை மட்டும்தான்."

"அப்ப பாதித் தலைதான் வரும்" என்று வருத்தத்தோடு கொண்டையை அவிழ்த்தார். என் நோட்டில் அவர் அறுபத்து மூன்றாம் எண்.

அந்த இரண்டு மாதம் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். "அம்மா, தொண்ணூற்றி நாலு வந்து மோர் கேட்டுச்சு" என்பேன். விருந்தாளி வந்தால் முகத்தைப் பார்க்காமல் பின்மண்டையைப் பார்ப்பேன். "தட்டைப் பார்த்துச் சாப்பிடுடி, தலையைப் பார்த்துச் சாப்பிடாதே" என்று அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். (அந்தத் தலையின் அளவும் நோட்டில் இருந்தது. எண் ஒன்று.)

நோட்டைப் பேராசிரியரிடம் கொடுத்து நாலு நாள் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அறைக்குள் போனால், மனிதர் உட்காராமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தொப்பிக் குஞ்சலம் ஆடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சின்னது!" என்றார் ஆங்கிலத்தில். "அங்கே இருப்பவர்களைவிட இங்கே எல்லாத் தலையும் சின்னது. நீளம், அகலம், எல்லாம். ஏறக்குறைய அரைக்கால் அங்குலம்! ஒரே தலைமுறையில்! தண்ணீரா, சாப்பாடா, ரயில் புகையா?"

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். புகைதான் என்று எனக்குத் தோன்றியது. அதையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

பாக்கியத்தக்காவின் நிபந்தனையைச் சொன்னதும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தலை கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காலனி ஹாலில் கூட்டம். முன்வரிசையில் பெண்களும் குழந்தைகளும். மூன்றாவது வரிசையில், பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டோடு அப்பா. பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுவார், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்ததும் அங்கேயே கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். கடிதம் அவர் கோட்டுப் பையில் இருந்தது. அதன் மூலை வெளியே தெரிந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மீன், குரங்கு, கோதாவரி யானை என்று எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜனங்கள் யானைப் பல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறகு கரும்பலகையில் இரண்டு கோடு போட்டார். மேல்கோடு ஊரில் இருப்பவர்கள், கீழ்க்கோடு நாங்கள். அவர் சொல்லி முடித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல தமிழில், கணீரென்று சொன்னேன்:

"ஆகவே, இங்கே வந்து குடியேறிய நம்முடைய பெண்கள், குழந்தைகளின் தலை சுருங்கியிருக்கிறது."

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல், "இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? எங்களுக்கே தெரியும்" என்றது. அவருடைய மனைவி முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் அன்று அப்புறம் கேட்கவில்லை.

பாக்கியத்தக்கா எழுந்தார். "ஏண்டி சரசு, போத்தனூர்ல இருக்கிற என் தங்கச்சி தலையைவிட என் தலை சின்னதுங்கிறியா? அவளுக்குத் தலைன்னு ஒண்ணு இருக்குதான்னே எங்க வீட்ல சந்தேகம்!"

"என் பிள்ளைக்குப் பெப்பர்மெண்ட் குடுத்து இதுக்குத்தான் கூட்டிட்டுப் போனியா?" என்று ஒருத்தி. "இன்னும் சுருங்குமா, இல்ல இவ்வளவுதானா?" என்று இன்னொருத்தி. அவள் மடியில் கைக்குழந்தை. அதன் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. நோட்டில் அவள் வெறும் எண்ணாக இருந்தாள்.

அப்பா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை அவர்.

"சாஹேப், பெரியவங்க தலை எவ்வளவு குறைஞ்சிருக்கு, குழந்தைங்க தலை எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

ஆங்கிலத்தில் கேட்டேன். பேராசிரியர் உற்சாகமாகச் சொன்னார். தமிழில் சொன்னேன்: "பெரிசு பெரிசுக்குத் தக்கபடி, சிறிசு சிறிசுக்குத் தக்கபடி. எல்லாத்திலேயும் ஒரே விகிதம்தாம்ப்பா, ஆறு அங்குலத்துக்கு அரைக்கால் அங்குலம்."

"மூக்கு?"

"மூக்கும்."

"தாடை?"

"தாடையும் அதேதான்."

அப்பா கூரையைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. மனக்கணக்குப் போடும்போது அவர் அப்படித்தான். பிறகு மெதுவாக, "அடிக்குக் கால் அங்குலம்" என்றார். இந்தத் தடவை அவர் பேராசிரியரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சரசு, எந்த ஸ்கேல்ல அளந்தே?"

நான் மொழிபெயர்க்க வந்தவள் அல்லவா? வாய் பழகிப்போயிருந்தது. பேராசிரியர் பக்கம் திரும்பி, 'எந்த ஸ்கேலில் அளந்தாய் என்று கேட்கிறார்' என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அவரும் ஆவலோடு, "சொல்லேன், எந்த ஸ்கேல்?" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தப்பித்துப் போக மூன்றாவது மொழி ஒன்றும் பாக்கி இல்லை.

பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்தேன். கூட்டத்தில் அளந்து காட்டச் சொன்னால் வேண்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார் என்பதால், முந்தின நாளே எடுத்து வைத்திருந்தேன்.

அப்பா மேடைக்கு வந்து அதை வாங்கிக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "சாஹேப், உருக்கின எஃகு ஆறும்போது சுருங்கும். அடிக்குக் கால் அங்குலம். அதனால மர உருவத்தை அந்த அளவு பெரிசாச் செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க முடியுமா? அதுக்காக ஸ்கேலையே நீட்டிச் செஞ்சிருப்பாங்க. இதுல ஒரு அடின்னா, நெசத்துல ஒரு அடி கால் அங்குலம். இதை வச்சு வேற எதை அளந்தாலும் குறைச்சலாத்தான் காட்டும்."

விக்கி விக்கி அதையும் மொழிபெயர்த்தேன்.

"மனுஷன் இப்படிச் சுருங்க மாட்டான் சாஹேப்" என்றார் அப்பா. "ஒருத்தன் கொஞ்சம் சுருங்குவான், ஒருத்தன் நிறைய, ஒருத்தன் எதிர்த்துக்கிட்டுப் பெருத்துப்போவான். சொன்ன பேச்சைக் கேட்டு, எல்லாம் ஒரே மாதிரி சுருங்குறது இரும்பு மட்டும்தான்."

பேராசிரியர் தன் பையிலிருந்த அடிக்கோலை எடுத்து, அப்பாவின் ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"என்னுடைய ஸ்கேல் எங்கே?" என்றார்.

"ஹுசேன் சாகரில்" என்றேன்.

அவர் என் நோட்டை எடுத்துக்கொண்டு, யானைப் பல்லை ஒரு குழந்தையிடமிருந்து வாங்கிக்கொண்டு, வெளியே போனார். கடிதத்தின் மூலை கோட்டுப் பையில் தெரிந்துகொண்டே போயிற்று.

பாக்கியத்தக்கா மட்டும் விடவில்லை. "அப்ப என் தலை?"

"உங்க தலை பெரிசுதாம்மா, சந்தேகமே வேணாம்" என்றார் அப்பா. ஹாலே சிரித்தது. கைக்குழந்தைக்காரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தலை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் காலனி என்னை அன்றைக்கே மன்னித்துவிட்டது. நான்தான் யார் முகத்திலும் விழிக்காமல் கிடந்தேன். அம்மா போத்தனூருக்குக் கடிதம் எழுதக் கார்டு வாங்கி வைத்தார். அப்பா என்னோடு பேசவில்லை. தம்பிக்கு மூன்று நாள். எனக்குப் பதினாலு நாள்.

பதினாலாவது நாள் ஞாயிறு. பேராசிரியர் தனியாக, புது ஸ்கேலோடு, சொல்லாமல் கொள்ளாமல் காலனிக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருபது பெண்களைக் கூப்பிட்டு அனுப்பி, அவரே அளந்தார். அவ்வளவு நடந்த பிறகு யாரும் வெட்கப்படவில்லை. கொண்டையை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் நோட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணோடும் அப்பா சொன்ன காலங்குலக் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். கூட்டக் கூட்ட அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பழைய கடிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அங்கேயே, முழங்கால்மேல் காகிதத்தை வைத்து, புதிதாக ஒன்று எழுதினார்.

அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

'இந்தப் பெண் இருநூற்றுப் பன்னிரண்டு தலைகளைத் தவறாக அளந்தாள். முதல் தலையில் செய்த தவறு கடைசித் தலையில் செய்த தவறிலிருந்து ஒரு மயிரிழைகூட மாறவில்லை. இவ்வளவு நிதானமான கையை நான் பார்த்ததில்லை. அகலத்தை நீளத்தால் வகுத்துப் பார்த்தால் தவறே மறைந்துபோகிறது: அளவு பிசகியது, உருவம் பிசகவில்லை. தலைகள் மாறவில்லை என்ற என் முடிவு இவளுடைய நோட்டிலிருந்தே கிடைத்தது. வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும். ஏரிக்கரை வழியாக எங்கும் அனுப்ப வேண்டாம்.'

அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, சாதாரண ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஊர்த் தலையெல்லாம் அளந்தியே. என் தலையை யாரு அளக்குறது?"

இடுக்கியை வைத்தேன். ஸ்கேல்மேல் மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது. அந்த ஒரு அளவு மட்டும் சரியாக வந்திருக்குமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

"சுருங்கியிருக்கா?"

"இல்லப்பா."

"லெட்டரைக் கேட்டதும் கொஞ்சம் பெருத்திருக்கும், பார்த்து அளடி" என்றார் அம்மா அடுப்பங்கரையிலிருந்து.

முப்பத்தைந்து வருஷம் விலங்கியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் தோசை சின்னதாக இருந்தாலும், பாவாடை குட்டையாக இருந்தாலும், யாராவது மார்க் குறைத்து வாங்கி வந்தாலும், 'அடிக்குக் கால்' என்பார்கள். கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பேத்திக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. போன மாதம் சைனிக்புரியில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது என் மேஜையில் இருந்த எஃகு ஸ்கேலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஏதோ கீறி வச்சிருக்கே, க்யா லிக்கா பாட்டி?" என்று கேட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று. அப்பா ஓய்வு பெற்ற அன்று அந்தத் தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால், கம்பெனிக்காரன் பொறித்ததை நம்பாமல், எழுத்துக் கூட்டிக் கூட்டி ஊசியால் அவரே கீறியது அது.

படித்துச் சொன்னேன்: "தலைக்கு அல்ல."